பொது அறிவுக் குறுக்கெழுத்து: புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு, கட்டம் கட்டமாக

குறுக்கெழுத்துப் போட ஆரம்பித்த முதல் நாலைந்து மாதம் நான் ஒன்றைக்கூட முழுதாக முடித்ததில்லை. பாதிக் கட்டங்கள் காலியாகவே கிடக்கும். பொது அறிவு போதவில்லை என்று நினைத்துக்கொண்டு தலைநகரங்கள், நாணயங்கள், கண்டுபிடிப்பாளர்கள் என்று பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்தேன். அப்போதும் முடியவில்லை. ஒருநாள் பழைய தாள்களை எல்லாம் எடுத்து, பிறகு வெளியான விடைகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உண்மையாகவே எனக்குத் தெரியாத கேள்விகள் ஒரு தாளுக்கு மூன்றோ நான்கோதான் இருந்தன. மற்ற காலிக் கட்டங்களுக்கெல்லாம் காரணம், நான் பேனாவால் அழுத்தி எழுதிவைத்த ஏதோ ஒரு தப்பான விடை. அதன் குறுக்கே போகும் சொற்கள் எல்லாம் அதோடு முடங்கிப் போயிருந்தன.

அது புரிந்த பிறகு போடும் முறையையே மாற்றிக்கொண்டேன். விடை தெரிவது பாதி வேலை. எதை எப்போது எழுதுவது, எதை நிறுத்தி வைப்பது என்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நீங்களும் நாலைந்து மாதம் வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. கையில் என்னென்ன வேண்டும்

பென்சில், ரப்பர், ஒரு நோட்டு. இந்த மூன்றும் கட்டாயம். பேனாவைத் தூர வைத்துவிடுங்கள். கொஞ்சம் தேர்ச்சி வந்ததும் பேனாவில் போடத் தோன்றும், அப்போதும் வேண்டாம். தமிழில் ஒரு கட்டத்துக்குள் ‘கொ’, ‘ணை’ மாதிரி அகலமான எழுத்துகள் வரும். அதன்மேல் அடித்துத் திருத்தினால் அடுத்த கட்டம் வரை இழுத்துவிடும், பிறகு எதுவும் படிக்க வராது.

பள்ளிக்கூட அட்லஸ் ஒன்று இருந்தால் நல்லது. வீட்டில் பழையது கிடந்தால் ஆறு, மலை, கடல் பார்க்க அதுவே போதும். நாடுகளுக்கு மட்டும் அதை நம்பாதீர்கள். 1991-க்கு முன்பு அச்சானது என்றால் உக்ரைனும் கஜகஸ்தானும் சோவியத் ஒன்றியத்துக்குள்ளேயே இருக்கும். 2011-க்கு முன்பு அச்சானதில் தெற்கு சூடான் இருக்காது. கூடவே ஒரு கையடக்கத் தமிழ் அகராதி. குறுக்கெழுத்துக்கென்றே விற்கும் ‘விடைத் தொகுப்பு’ப் புத்தகங்களை ஆரம்பத்தில் வாங்க வேண்டாம். அதை வாங்கினால் புரட்டிப் பார்க்கும் பழக்கம்தான் வரும், போடும் பழக்கம் வராது.

செலவு என்று பார்த்தால் இவ்வளவுதான். கைப்பேசிச் செயலிகளில் போடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். புதிர் இலவசமாக இருக்கும், ‘துப்பு வேண்டுமா’ என்ற பொத்தானுக்குத்தான் காசு. அங்கே சிக்கி நிற்கும்போது விரல் தானாக அதன்மேல் போகும். பணம் கட்டும் வசதியை முதலிலேயே அணைத்துவிடுங்கள்.

2. எழுத்தை எண்ணப் பழகுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஆனால் எழுத்து என்பது கண்ணுக்குத் தெரியும் துண்டுகளின் எண்ணிக்கை கிடையாது. ‘கொ’ மூன்று துண்டாகத் தெரிந்தாலும் ஓர் எழுத்து. கொலம்பியா என்பது கொ-ல-ம்-பி-யா, 5 கட்டம். புள்ளி வைத்த மெய்க்குத் தனிக் கட்டம் உண்டு: சிங்கப்பூர் என்பது சி-ங்-க-ப்-பூ-ர், 6. ஆய்த எழுத்துக்கும் தனிக் கட்டம், எஃகு 3. ‘ஸ்ரீ’யைப் பெரும்பாலும் ஒரே கட்டத்தில்தான் போடுவார்கள், ஸ்ரீநகர் 4.

எண்ணத் தெரிந்த பிறகும் ஒரு தொல்லை இருக்கிறது. ஒரே பெயரைத் தமிழில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறோம். ஔவையார் என்றால் 4, அவ்வையார் என்றால் 5. பௌர்ணமி 4, பவுர்ணமி 5. ஆப்பிரிக்கா 6, ஆப்ரிக்கா 5. ஆகவே விடை சரியாகத் தோன்றி, ஒரே ஒரு கட்டம் மட்டும் கூடுதலாகவோ குறைவாகவோ இருந்தால் உடனே விடையைத் தூக்கிப் போடாதீர்கள். வேறு விதமாக எழுதினால் அடங்குகிறதா என்று பாருங்கள். சில பெயர்களில் எண்ணிக்கை மாறாது, எழுத்து மட்டும் மாறும். ரஷ்யா, ரஷியா இரண்டும் 3. நார்வேயின் தலைநகரை ஆஸ்லோ என்றும் எழுதுகிறார்கள், ஓஸ்லோ என்றும் எழுதுகிறார்கள், அதுவும் 3. அந்த மாறும் எழுத்தை மட்டும் காலியாக விட்டு மற்றதை எழுதிவிடுங்கள். குறுக்கே வரும் சொல் வந்து அதைத் தீர்த்துவைக்கும்.

ஒற்று மிகும் இடங்களையும் மறக்க வேண்டாம். நெருப்புக்கோழி என்று சேர்த்து எழுதினால் 7 கட்டம். நான் பல வாரம் ‘நெருப்புகோழி’ என்று 6 எழுத்தாக எண்ணிக்கொண்டு, இந்தப் பறவை எதிலும் பொருந்தவில்லையே என்று விட்டுக்கொண்டிருந்தேன்.

ஆட்களின் பெயரில், முழுப் பெயரா கடைசிப் பெயரா என்பதைக் கட்ட எண்ணிக்கைதான் சொல்லும். 1898-ல் ரேடியத்தைக் கண்டறிந்தவர் என்று கேட்டு 3 கட்டம் இருந்தால் கியூரி. 5 இருந்தால் மேரிகியூரி, நடுவில் இடைவெளிக் கட்டம் கிடையாது. நியூட்டன் 5, ஐசக்கைச் சேர்த்தால் 8.

3. குறிப்பை இரண்டு முறை படியுங்கள்

முதல் முறை படிக்கும்போது மனம் பழகிய விடையை நோக்கி ஓடும். இரண்டாவது முறை படிக்கும்போதுதான் என்ன கேட்டிருக்கிறார்கள் என்பது கண்ணில் படும்.

‘மிகப் பெரிய’, ‘மிக நீளமான’ என்று வரும் குறிப்புகளில் ரொம்பக் கவனம் தேவை. மனித உடலின் மிகப் பெரிய உறுப்பு தோல், 2 கட்டம். மிகப் பெரிய உள்ளுறுப்பு என்றால் கல்லீரல், 5. மிகப் பெரிய வெப்பப் பாலைவனம் சகாரா. ‘வெப்ப’ என்ற சொல் இல்லாமல் கேட்டு 7 கட்டம் கொடுத்திருந்தால் அண்டார்க்டிகா; அங்கே பொழிவு அவ்வளவு குறைவு என்பதால் அதையும் பாலைவனமாகவே கணக்கில் எடுக்கிறார்கள். மிக ஆழமான ஏரி பைக்கால். பரப்பளவில் பெரிய நன்னீர் ஏரி சுப்பீரியர். ஒரு சின்ன அடைமொழியில் விடை ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்குத் தாவிவிடுகிறது.

அடுத்தது இரட்டைப் பொருள். தமிழில் கோளும் கிழமையும் ஒரே பெயரைப் பங்குபோட்டுக்கொள்வதால் புதிர் தயாரிப்பவர்களுக்குக் கொண்டாட்டம். ‘வியாழனுக்கு அடுத்து வருவது’ என்று குறிப்பு இருக்கிறது. 3 கட்டம் என்றால் வெள்ளி, அதாவது கிழமை. 2 கட்டம் என்றால் சனி, அதாவது கோள். ‘செவ்வாய்க்கு அடுத்தது’ என்பதும் இப்படித்தான்: கிழமையில் புதன் 3, கோளில் வியாழன் 4. வெள்ளியை உலோகமாகவும் கேட்பார்கள், ‘அணு எண் 47’ என்று. ஆறு, திங்கள், ஞாயிறு, மதி, மாலை இவை எல்லாம் இதே ரகம். இப்படி ஒரு சொல் குறிப்பில் வந்தால் அதன் எல்லாப் பொருளையும் ஓரத்தில் எழுதிவைத்துவிட்டு மேலே போங்கள்.

ஒரே உலோகத்துக்கு இரண்டு பெயர் இருக்கும் இடங்களும் உண்டு. அணு எண் 29 கேட்டால் செம்பு என்று 3 கட்டத்திலும் போடலாம், தாமிரம் என்று 4 கட்டத்திலும் போடலாம்.

குறிப்பின் வடிவம் விடையின் வடிவத்தைச் சொல்லும். ‘இவை’ என்று முடிந்தால் விடையின் கடைசி இரண்டு கட்டம் ‘கள்’ ஆக இருக்க வாய்ப்பு அதிகம். ‘இவர்’ என்றால் ஆள். ‘கண்டுபிடித்தவர்’, ‘கண்டுபிடிப்பு’ இரண்டையும் அவசரத்தில் மாற்றிப் படிக்காதீர்கள்.

சில புதிர்களில் பொது அறிவோடு சொல் விளையாட்டும் கலந்து வரும். ‘குழம்பியுள்ளது’, ‘கலைந்துள்ளது’ என்று இருந்தால் விடையின் எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கும், அப்படியே மாற்றித்தான் கட்டத்தில் எழுத வேண்டும். ‘திரும்பியுள்ளது’ என்றால் கடைசி எழுத்திலிருந்து முதலெழுத்துக்கு. ‘தலையிழந்தது’ என்றால் முதலெழுத்து இல்லை, ‘வாலறுந்தது’ என்றால் கடைசி எழுத்து இல்லை. ‘பெருவின் தலைநகர் திரும்பினால் ஆப்பிரிக்க நாடு (2)’ என்று ஒரு குறிப்பு வந்தால்? லிமாவைத் திருப்பினால் மாலி. இந்த மாதிரி ஒன்று அமைந்துவிட்டால் அன்றைக்கு முழுதும் மனசு நிறைந்திருக்கும்.

திசையையும் பாருங்கள். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்ற இரண்டோடு நிற்காமல், வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் சில தமிழ்ப் புதிர்களில் கொடுப்பார்கள். அதில் எண் போட்ட கட்டத்தில்தான் சொல்லின் முதலெழுத்து வரும். பழக்கத்தில் மறுமுனையிலிருந்து எழுதிவிடக் கூடாது.

4. முதல் சுற்று: பத்து நிமிடம், உறுதியானவை மட்டும்

ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாகப் போடாதீர்கள். எல்லாக் குறிப்புகளையும் ஒரு முறை கடைசி வரை படித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய விடைகளை மட்டும் எழுதுங்கள். ‘அணு எண் 79’ என்றால் தங்கம். ‘கியூபாவின் தலைநகர்’ என்றால் ஹவானா. இப்படி வேறு விடைக்கு இடமே இல்லாதவை.

‘பறக்காத பறவை (2)’ உறுதியானது கிடையாது. கிவியும் 2, ஈமுவும் 2, ரியாவும் 2. ‘ஐரோப்பிய ஆறு (3)’ என்பதும் அப்படித்தான். முதலில் நினைவுக்கு வந்தது என்பதற்காக எழுதினால் நான் பட்ட பாட்டைத்தான் நீங்களும் படுவீர்கள். அப்படிப்பட்டதைக் கட்டத்தில் எழுதாமல், குறிப்பின் பக்கத்தில் பொடி எழுத்தில் குறித்துவையுங்கள்.

20, 25 குறிப்புள்ள ஒரு புதிரில் இந்தச் சுற்றுக்குப் பத்து நிமிடம் போதும். ஆறேழு விடை வந்தாலே நல்ல தொடக்கம்.

5. ஒரு மூலையை நிரப்பிக் காட்டுகிறேன்

இந்த முறையை நான் விளங்கிக்கொண்டது இப்படி ஒரு மூலையில்தான். நான்கே நான்கு குறிப்புகள்.

இடமிருந்து வலம்
1. கனடாவின் தலைநகர் (4)
3. சிலம்பை உடைத்து நீதி கேட்டவள் (4)

மேலிருந்து கீழ்
1. பாலைவனக் கப்பல் (5)
2. இராமாயணம் பாடியவர் (4)

இரண்டு ஒன்றாம் எண்களும் ஒரே கட்டத்தில் தொடங்குகின்றன. இடமிருந்து வலம் 1-ன் கடைசிக் கட்டத்தில் கீழ்நோக்கிப் போகும் 2 தொடங்குகிறது. மேலிருந்து கீழ் 1-ன் நான்காவது கட்டத்தில் குறுக்கே போகும் 3 தொடங்குகிறது. அந்த 3-ன் கடைசி எழுத்தும் 2-ன் கடைசி எழுத்தும் ஒன்று.

அவசரக்காரர் என்ன செய்வார்? கனடா என்றதும் டொரண்டோ என்று எழுதுவார். டொ-ர-ண்-டோ, 4 கட்டம், கச்சிதமாக அடங்கும். இராமாயணம் என்றதும் கம்பர். க-ம்-ப-ர், அதுவும் 4. இரண்டும் எண்ணிக்கையில் சரி, ஆனால் கம்பரின் ‘க’ வர வேண்டிய கட்டத்தில் டொரண்டோவின் ‘டோ’ உட்கார்ந்திருக்கிறது. எது தப்பு என்று தெரியாது. ஒன்றை அழிப்பார், மற்றதை வைத்துக்கொள்வார். உண்மையில் இரண்டுமே தப்பு.

இப்போது உறுதியானதிலிருந்து வாருங்கள். பாலைவனக் கப்பல் ஒட்டகம். ஒ-ட்-ட-க-ம், 5. வேறு விடைக்கு வழியில்லை, எழுதிவிடலாம். உடனே கனடாவின் தலைநகர் ‘ஒ’வில் தொடங்குகிறது என்று தெரிகிறது. டொரண்டோ பெரிய நகரம்தான், தலைநகர் ஒட்டாவா. ஒ-ட்-டா-வா, 4. அதன் கடைசி எழுத்து ‘வா’. ஆகவே இராமாயணம் பாடியவரின் பெயர் ‘வா’வில் தொடங்க வேண்டும்: வால்மீகி. அதன் கடைசி எழுத்து ‘கி’. இப்போது 3-ஐப் பாருங்கள். முதலெழுத்து ஒட்டகத்தின் ‘க’, கடைசி எழுத்து வால்மீகியின் ‘கி’. குறிப்பைப் படிக்காமலேகூடக் கண்ணகி என்று சொல்லிவிடலாம்.

ஒ | ட் | டா | வா
ட் | ■ | ■ | ல்
ட | ■ | ■ | மீ
க | ண் | ண | கி
ம்

கனடாவின் தலைநகர் தெரியாதவருக்கும் இந்த மூலை நிரம்பும். கண்ணகி தெரிந்தால் ‘கி’ கிடைக்கும், ‘கி’யில் முடியும் கவி வால்மீகி, அதிலிருந்து ‘வா’. ஒட்டகத்திலிருந்து ‘ஒ’. முதலும் கடைசியும் கையில் இருந்தால் ஒட்டாவாவை அட்லஸில் தேடுவதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒன்று மற்றொன்றைத் தாங்கிப் பிடிக்கிறது. இதை ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள். படித்துப் புரிவதைவிட நன்றாகப் பதியும்.

6. பாதி தெரிந்தால் பாதியை எழுதுங்கள்

‘ஆப்பிரிக்காவுக்கும் அரேபியாவுக்கும் இடைப்பட்ட கடல் (5)’ என்று வருகிறது. செங்கடலா சாக்கடலா என்று குழப்பம். இரண்டும் 5 எழுத்து, இரண்டும் ‘கடல்’ என்றே முடிகின்றன. அப்படியானால் கடைசி மூன்று கட்டத்தில் க-ட-ல் எழுதிவிடலாமே. முதல் இரண்டு கட்டத்தைக் குறுக்குச் சொற்கள் பார்த்துக்கொள்ளும். (விடை செங்கடல். சாக்கடல் இஸ்ரேலுக்கும் ஜோர்டானுக்கும் நடுவே இருக்கிறது.)

நாடுகளில் ‘லாந்து’ என்று முடிபவை ஒரு கூட்டம்: பின்லாந்து, தாய்லாந்து, ஐஸ்லாந்து மூன்றும் 5. தனிமங்களில் ‘யம்’ என்று முடிபவை ஏராளம்: ஹீலியம், சோடியம் 4, கால்சியம், யுரேனியம் 5, அலுமினியம் 6. தனிமத்தைக் கேட்டிருந்து, பெயர் நினைவுக்கு வராவிட்டால் ‘யம்’ போட்டுப் பார்க்கலாம். ஆனால் லேசாக எழுதுங்கள், ஏனென்றால் நியானும் ஆர்கானும் இருக்கின்றன.

7. தமிழ் எழுத்துகளே தரும் துப்பு

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பள்ளியில் படித்த இலக்கணம் இங்கே நேரடியாக உதவும்.

ம், ன், ர், ல், ள், ங், ண் போன்ற மெய்களில் சொல் தொடங்காது. ஆகவே ஒரு சொல்லின் கடைசி எழுத்து ‘ன்’ ஆக விழும் கட்டத்தில் இன்னொரு சொல்லுக்கான எண் போட்டிருந்தால், அந்த விடை தப்பு. ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடலாம். ஸ்பெயின், ஸ்வீடன் மாதிரிப் பெயர்கள் ‘ஸ்’ஸில் தொடங்கும், அது மட்டும் விலக்கு.

மெய்யை அடுத்து என்ன வரும் என்பதும் பெரும்பாலும் தீர்மானமானது. க், ச், த், ப் இவற்றுக்கு அடுத்து அதே இன எழுத்துதான்: க்க, ச்ச, த்த, ப்ப. ‘ங்’ இருந்தால் அடுத்த கட்டம் க, கா, கி வரிசை. ‘ஞ்’ இருந்தால் ச வரிசை, அல்லது விஞ்ஞானியில் வருவதுபோல ஞ வரிசை. ‘ந்’ இருந்தால் பெரும்பாலும் த வரிசை. குறுக்கே போன சொல்லிலிருந்து ஒரு ‘ங்’ கிடைத்தால், இரண்டு கட்டம் கிடைத்த மாதிரி.

இந்த வழக்கை உடைக்கும் சொல் வந்தால் அது வெளிநாட்டுப் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாஷிங்டனில் ‘ங்’குக்கு அடுத்து ‘ட’. ஆப்கானிஸ்தானில் ‘ப்’புக்கு அடுத்து ‘கா’. நெப்டியூனில் ‘ப்’புக்கு அடுத்து ‘டி’. அதேபோல தமிழ்ச்சொல் எதுவும் க், ட், த், ப் என்று வல்லின மெய்யில் முடியாது. கடைசிக் கட்டத்தில் குறுக்கிலிருந்து ஒரு ‘ப்’ வந்து விழுந்தால், டான்யூப் மாதிரி ஒரு பிறமொழிப் பெயரைத் தேடுங்கள். ‘க்’ என்றால் ஈராக், ‘த்’ என்றால் ரபாத். நான் பல புதிர்களை முடித்தது இந்த ஒரு துப்பால்தான். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

8. சிக்கினால் என்ன செய்வது

முதலில் எழுந்து போய்விடுங்கள். இரண்டு, மூன்று மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் அதே குறிப்பு வேறு மாதிரிப் படும். நான் காலையில் கால் மணி நேரம், சாயங்காலம் கால் மணி நேரம் என்று பிரித்துக்கொண்டிருக்கிறேன். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததைவிட இதில் அதிகம் நிரம்புகிறது.

திரும்பி வந்தும் நகரவில்லை என்றால், அந்த மூலையில் ஏதோ ஒரு விடை தப்பு என்று சந்தேகப்படுங்கள். நீங்கள் பொடி எழுத்தில் குறித்திருக்க வேண்டியதைக் கட்டத்தில் எழுதியிருப்பீர்கள். அந்த மூலையில் குறுக்குச் சொல் எதனாலும் உறுதிப்படாத விடை எதுவோ அதை அழித்துவிட்டு மீண்டும் பாருங்கள். தப்பான விடை போனதும் மூன்று சொற்கள் அடுத்தடுத்து விழும்.

அதற்கும் அசையவில்லை என்றால் தேடலாம், தப்பில்லை. ஆனால் ஒரு மூலைக்கு ஒன்றுதான். அதிக குறுக்குச் சொற்களைத் தொடும் நீளமான விடை எதுவோ அதை மட்டும் பாருங்கள். 7 எழுத்துச் சொல் ஒன்றைத் தெரிந்துகொண்டால் மூன்று, நான்கு சொற்களுக்கு எழுத்து கிடைக்கும். 2 எழுத்துச் சொல்லைத் தேடினால் அதோடு சரி.

பழைய தொகுப்புகளைப் போடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உங்கள் விடை சரியாகவே இருந்தும் கட்டத்தில் பொருந்தாமல் போகலாம், ஏனென்றால் உலகம் மாறியிருக்கும். 2006 ஆகஸ்டுக்கு முந்தைய புதிரில் ஒன்பதாவது கோள் புளூட்டோ. அதன் பிறகு அது குறுங்கோள். கஜகஸ்தான் தலைநகர் அஸ்தானா, 2019-ல் நூர்சுல்தான் ஆகி, 2022-ல் மறுபடி அஸ்தானாவே ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் வந்த புதிரில் 4 கட்டத்துக்குப் பதில் 6 இருக்கும். ஸ்வாசிலாந்து 2018-ல் எஸ்வாட்டினி ஆனது. குரோஷியாவின் நாணயம் குனா, 2023 ஜனவரி 1 முதல் யூரோ. புதிர் எந்த ஆண்டில் அச்சானது என்று முன் பக்கத்தில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

9. விடை வந்த பிறகு பதினைந்து நிமிடம்

விடைகளைப் பார்த்து ‘அட, இதுவா’ என்று தலையாட்டிவிட்டு மூடிவைத்தால் அடுத்த மாதம் அதே கேள்வியில் மறுபடி நிற்பீர்கள். தவறவிட்டவற்றை நோட்டில் எழுதுங்கள். எழுதும் முறைதான் முக்கியம். நான் முதலில் நாடுகள், ஆறுகள், அறிவியல் என்று தலைப்பு வாரியாக எழுதினேன். போடும்போது அது உதவவே இல்லை. புதிரில் நமக்குத் தெரிவது கட்டங்களின் எண்ணிக்கை. ஆகவே நோட்டையும் எழுத்து எண்ணிக்கைப்படி பிரியுங்கள்.

இரண்டெழுத்துப் பக்கம்: லிமா, மாலி, கானா, சாட், பெரு, ரோம், நைல், ரைன், யென், யூரோ, சனி, கிவி, ஈமு. மூன்றெழுத்துப் பக்கம்: ஹவானா, கெய்ரோ, நைரோபி, ரபாத், காங்கோ, வோல்கா, யுவான், தினார், ரியால், ரூபிள், நியான். நான்கு: ஒட்டாவா, அங்காரா, கான்பெரா, அமேசான், டான்யூப், பைக்கால். சின்னச் சொற்கள்தான் புதிர் தயாரிப்பவர்களுக்கு இடுக்குகளை அடைக்கத் தேவைப்படும், அதனால் அவையே திரும்பத் திரும்ப வரும். முதல் இரண்டு மாதம் இரண்டெழுத்து, மூன்றெழுத்துப் பக்கங்களை மட்டும் நிரப்பினாலே வித்தியாசம் தெரியும்.

அடிக்கடி ஏமாற்றும் ஜோடிகளுக்குக் கடைசிப் பக்கத்தை ஒதுக்குங்கள். ஆஸ்திரேலியா என்றால் கான்பெரா, சிட்னி கிடையாது. துருக்கி என்றால் அங்காரா, இஸ்தான்புல் கிடையாது. சுவிட்சர்லாந்து என்றால் பெர்ன்.

10. பரிசுப் போட்டிக்கு அனுப்புவதானால்

எல்லா விடையும் சரியாக இருந்தும் நான் இரண்டு முறை கோட்டை விட்டிருக்கிறேன். ஒரு முறை கட்டத்துக்குள் அடித்தல் திருத்தல் இருந்தது. இன்னொரு முறை கடைசித் தேதியன்று தபாலில் போட்டேன். விதியில் எழுதியிருந்ததோ, அந்தத் தேதிக்குள் அவர்கள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று. அந்த வரி கூப்பனின் ஓரத்தில் பொடி எழுத்தில்தான் இருந்தது, ஆனால் இருந்தது.

ஆகவே அனுப்பும் முன் விதிகளை முழுதாகப் படியுங்கள். அசல் கூப்பன்தான் வேண்டுமா, நகல் ஏற்பார்களா? ஒருவர் எத்தனை அனுப்பலாம்? கடைசித் தேதி என்பது அனுப்ப வேண்டிய நாளா, போய்ச் சேர வேண்டிய நாளா? தெளிவாக இல்லையென்றால் போய்ச் சேர வேண்டிய நாள் என்றே எடுத்துக்கொண்டு ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள்.

அசல் கூப்பனில் நேரடியாகப் போடாதீர்கள். வெள்ளைத் தாளில் கட்டம் வரைந்தோ நகல் எடுத்தோ அதில் பென்சிலால் போட்டு முடியுங்கள். இரவு அப்படியே வைத்துவிட்டு, காலையில் ஒவ்வொரு குறுக்குச் சொல்லையும் குறிப்போடு மீண்டும் ஒப்பிடுங்கள். சரியென்று தெரிந்த பிறகு அசலில் பேனாவால் ஒரே முறை எழுதுங்கள். பேனா எடுக்க வேண்டிய ஒரே இடம் இதுதான். ர, ா இரண்டுக்கும், ன, ண இரண்டுக்கும் வேறுபாடு தெரியும்படி எழுதுங்கள், மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மறக்காதீர்கள். புள்ளி விட்டுப்போனால் ‘ல்’ என்பது ‘ல’ ஆகிவிடும். திருத்துபவர் அதைத் தப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார். மடிப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விடைகள் வெளியாகும் நாளில், உங்கள் விடைகளை ஒப்பிட்டு நோட்டில் ஏற்ற அது தேவைப்படும்.